மாமியார் கட்டிய வண்டி வரி

மாமியாரைப் புகழ்ந்து மருமகன் எழுதுகிறான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதிலும் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் எழுதினால், போட்ட சோற்றுக்கு நன்றிக்கடன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டுச் சோற்றை நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டவன் இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூட என்று தினமும் சொல்லித்தான் சாப்பிட்டேன். அவரும் ஒரு நாளாவது குறைத்துப் போட்டாரா என்றால் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத விஷயங்களை எழுதினால் அது தனிப் புத்தகமாகும். ஆனால் வண்டி வரி விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

நான் எங்கள் தீவின் நடுமேட்டில் இருக்கிற கியூர்பிப்பில் பிறந்தவன். அங்கே மழை பெய்வதை யாரும் பேசுவதில்லை, நின்றால்தான் பேசுவார்கள். துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் என் மாமனார் தேடி வந்து தன் ஒரே மகளைக் கொடுத்தார். கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வருகிற காகிதங்களைப் படிக்க ஓர் ஆள், இரண்டும் ஒரே சம்பந்தத்தில் முடிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். கரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அவர்கள் ஊர் சென்ட்ர் டி ஃப்ளாக்குக்குக் கிழக்கே, கடல் பக்கம் போகிற பாதையில் இருந்தது. மாமனாருடைய அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். மாமனார் எஸ்டேட்டில் வண்டியோட்டியாக இருந்து, பெரிய முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவர். கல் பொறுக்கிக் குவித்துவிட்டு மீதி இடத்தில் கரும்பு நட்ட பூமி. நிலத்தைவிட அவருக்கு வண்டிமேல் பிரியம் அதிகம். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து சர்க்கரை விலை கண்ணை மூடிக்கொண்டு ஏறிய காலத்தில் இரண்டாவது வண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கினார். எங்கள் கரும்போடு ஊரார் கரும்பையும் கூலிக்கு ஏற்றி பலான்ஸுக்குக் கொண்டுபோய் இறக்கினார். சிறு விவசாயிகளின் கரும்பை ஆலைக்காரர்கள் எடை போட்டு வாங்குகிற இடத்துக்கு பலான்ஸ் என்று பெயர்.

நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். ஆனால் ஒரே ஒரு பிடிவாதம். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வருடா வருடம் அரசாங்கத்துக்கு வரி கட்டி, நம்பர் வாங்கிப் பலகையில் எழுத வேண்டும். அதை அவர் கட்டவே மாட்டார். "எம்மாடு எம்மண்ணுல நடக்குது, இதுக்கு எதுக்கு ராஜாவுக்கு வரி?" என்பார். தோட்டத்துக்கும் பலான்ஸுக்கும் நடுவே நீளமாக அரசாங்க ரோடு கிடந்ததை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. போலீஸ்காரர் எப்போதாவது நிறுத்தினால் ஒரு கட்டுக் கரும்பை எடுத்து நீட்டுவார். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

விலை ஏறின வேகத்திலேயே இறங்கியது. அடுத்த வருடமே மாமனாரும் காய்ச்சலில் போய்விட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் மாமியார் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் யாருமே சொல்ல மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவர் கடைப்பிடித்தது கொஞ்சம் அதிகப்படி. எங்கள் ஊர்க் கோயில் சாமிக்கும் மாமனாருக்கும் ஒரே பெயர். அதனால் சாமியையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காவடி நாளில் ஊரே அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும்போது, இவர் மட்டும் "மலைமேல இருக்கிறவரே" என்று முணுமுணுப்பார். "எந்த மலை அத்தை? இங்க மலைக்குப் பஞ்சமே இல்லையே" என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு கல் கூட விழுந்தது.

மாமனாருக்கு முதல் திவசம் முடிந்த வாரத்தில் போலீஸ்காரர் நோட்டீஸ் கொண்டுவந்தார். நான் படித்துச் சொன்னேன். ஒரு வண்டிக்கு இத்தனை வருடத்து வரி பாக்கி, அதற்குமேல் கட்டாததற்குத் தண்டம். தண்டம் வரியைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டையும் கூட்டினால் எங்கள் ஒரு வருடக் கரும்புப் பணத்தில் பாதி போய்விடும். கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் கட்டாவிட்டால் இசியே வந்து வண்டியையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் ஏலம் போடுவார் என்று கடைசி வரியில் இருந்தது. ஜப்தி செய்கிற கோர்ட்டு ஆளை எங்கள் ஊரில் இசியே என்றுதான் சொல்வோம்.

வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்திருந்தது. வெட்டின கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கிக்கொண்டே போகும், இன்னும் கிடந்தால் புளித்துவிடும். வாடகை வண்டிக்கு வெட்டு நேரத்தில் காலைப் பிடித்தாலும் ஆள் கிடைக்க மாட்டார்கள். அந்த வருடக் கரும்பை நம்பித்தான் உரத்துக்கும் கூலிக்கும் முன்பணம் வாங்கியிருந்தோம். வண்டி போனால் கரும்பு போகும். கரும்பு போனால் நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஊரில் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லோர் ஆறுதலும் ஒரே மாதிரி இருந்தது. "பாதிக்கு முடிச்சிடலாம் அம்மா, இதுக்குப் போயி கலங்குறீங்களே." அரசாங்கத்திடம் பாதிக்கு முடிக்கலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எல்லாம் கோயில் பழக்கம். காவடி முடிந்ததும் சாமி கழுத்து எலுமிச்சம்பழத்தைக் கோயிலில் ஏலம் விடுவார்கள். பக்தி தலைக்கேறி ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள். பணம் அடுத்த காவடிக்குள் கொடுத்தால் போதும். அடுத்த காவடி வரும்போது பக்தி இறங்கியிருக்கும், கரும்பு விலையும் இறங்கியிருக்கும். தர்மகர்த்தா வீட்டில் போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால் பாதிக்கு முடித்துவிடுவார். சாமியே பாதிக்குச் சம்மதிக்கும்போது வெள்ளைக்காரன் எம்மாத்திரம் என்று எங்கள் ஊர் உண்மையாகவே நம்பியது. ஏலப் பணத்தை முழுசாகக் கட்டுகிற ஒரே வீடு எங்கள் வீடு. அதுவும் மாமியார் கட்டுவார், மாமனாருக்குத் தெரியாமல்.

ஃப்ளாக் சந்தைக்குப் பக்கத்தில், கோர்ட்டுக்கு எதிரே வாதாமரத்து நிழலில் ஒரு தரகர் உட்கார்ந்திருப்பார். தலையில் தொப்பி, கையில் ஒரு தோல் பை, அதனால் துரையைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவரை 'மிசே' என்பார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. வரி பாக்கியை பத்துக்கு ஒன்றாகக் குறைத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று பேச்சு. நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மாமியார் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, மாயெபூர் என்கிற ஊர்க்காரர் ஒருவர் கதையைச் சொன்னார். எங்களைப்போல் மூன்று மடங்கு பாக்கி வைத்திருந்த வியாபாரி, பத்தில் ஒரு பங்கு கட்டி, மீதிக்கு அரசாங்கமே கை கழுவிவிட்டதாம். அதை முடித்துக் கொடுத்தது இவர்தானாம். எங்களுக்கும் அதே மாதிரி முடிப்பார். அவர் கூலியை மட்டும் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

"நாங்க என்ன செய்யணும்?" என்று மாமியார் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம் அம்மா. இல்லைன்னு சொல்லணும், அவ்வளவுதான். வண்டி ரெண்டையும் கழட்டி, சக்கரத்தைக் கரும்புக்குள்ள போட்டுடுங்க. மாட்டை உங்க மச்சான் வீட்டுல கட்டிடுங்க. நகை இருந்தா கண்ணுல படக்கூடாது. கிழிஞ்ச சீலை ஒண்ணு கட்டிக்கிட்டு வாங்க. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

"வண்டியே இல்லைன்னு சொல்லிடறோம்."

"ஆமா."

"அவங்களும் சரின்னு கொறைச்சிடறாங்க."

"கண்டிப்பா."

"அப்புறம் வெட்டு வந்தா கரும்ப எதுல ஏத்துறது மிசே? போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டித்தானே பலான்ஸுக்குப் போகணும்? தலையில தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயம் பிரெஞ்சு படித்த என் மூளைக்கு எட்டாமல் போயிற்றே என்று கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. தரகர் சமாளித்துக்கொண்டு, அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடன் தீரட்டும் என்றார். எப்படித் தீரும் என்று மாமியார் விடவில்லை. அவர் விளக்கினார். அரசாங்கம் சும்மா விட்டுக்கொடுக்காது. கட்ட முடியாது என்று தெரிந்தால்தான் விடும். "உங்க வீட்டுக்காரர் பேருக்கு நேரா, கட்ட வக்கில்லாம செத்துப்போனவர்னு எழுதிக்குவாங்க. அதோட சரி."

மாமியார் தேநீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வக்கில்லாதவருன்னா எழுதுவாங்க?"

"பேருக்குத்தான் அம்மா. செத்தவருக்கு என்ன?"

"நீங்க கெளம்புங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. தரகர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போன வேகத்தில் தோல் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மாயெபூர்க் கதை உண்மைதானா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ஒருவரைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். உண்மைதான் என்றார். ஆனால் முழுக் கதை வேறு. அந்த வியாபாரியின் கடை ஏலத்தில் போயிற்று, வீடு போயிற்று, படகு போயிற்று, அவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். இனிமேல் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் மீதியைத் தள்ளினார்கள். அந்தத் தள்ளுபடி எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி தரகர் விற்றுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னபோது மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "பாவம், அந்த மனுஷன் பொழைச்சி எழுந்தாரா?" என்று மட்டும் கேட்டார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை நாமளே போவோம். ரெண்டு வண்டியையும் பூட்டுங்க" என்றார்.

"ரெண்டு எதுக்கு அத்தை? நாம போறதுக்கு ஒண்ணு போதுமே."

"பூட்டுங்களேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவச் சொன்னார். வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டார். மாமனார் இறந்த பிறகு கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த காசுமாலையையும் வளையல்களையும் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். முன் வண்டியை நான் ஓட்டினேன், பின் வண்டியைக் கூலிக்காரர் ஓட்டினார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஃப்ளாக் ரோட்டில் போனோம். வாதாமரத்தடியில் இருந்த தரகர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். வரி அலுவலகத்து ஜன்னலுக்கு நேரே இரண்டு வண்டிகளையும் மாமியார் நிறுத்தச் சொன்னார்.

இறங்கும்போது எனக்குத் திடீரென்று உறைத்தது. அவர் காதருகே போய்ச் சொன்னேன்: "அத்தை, நோட்டீஸ் ஒரு வண்டிக்குத்தான். ரெண்டாவது வண்டி இருக்கிறதே இவங்களுக்குத் தெரியாது. அதைத் திருப்பி அனுப்பிடட்டுமா?"

"ஓடுறது ரெண்டுதானே மாப்பிள்ளை?" என்றார்.

வரி அதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மாமியாருக்கு, தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோல் நன்றாக வரும், சந்தையில் மீன்காரரோடு அதில்தான் சண்டை போடுவார். ஆனால் அன்று தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி முதலில், யார் பெயரில் பாக்கி என்று கேட்டார். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களைக் கேட்கவில்லை. கடன்காரரின் மனைவி அவர்தானே? அவர் சொல்லட்டும்."

மாமியார் பேசாமல் நின்றார். அதிகாரி மறுபடி கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். மூன்றாம் தடவை கேட்டபோது அதிகாரியின் முகம் மாறிவிட்டது. ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நல்லவேளை, உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த தமிழ் குமாஸ்தா எழுந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"செத்த பிறகுமா?"

"செத்த பிறகும்தான்" என்றார் குமாஸ்தா.

அதிகாரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் மாமனார் பெயரைச் சொன்னேன்.

பிறகு மாமியார் மடியிலிருந்த முடிச்சை மேஜைமேல் அவிழ்த்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"எங்கிட்ட இருக்கிறது இது. வெளியில நிக்கிறது அது. அதுக்குமேல நெலமும் அதுல நிக்கிற கரும்பும். மறைச்சு வெச்சது ஒண்ணுமில்ல. ரெண்டாவது வண்டி வாங்கி கொஞ்ச வருஷம்தான் ஆவுது, அதுக்கும் வரி போட்டுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை."

நான் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன கேட்க வந்திருக்கிறீர்கள்?"

"வரிய கொறைக்கச் சொல்லல. வரி வண்டிக்கு. வண்டி இருக்கு, ஓடுது, நான் கட்டுறேன். தண்டம் கட்டாம இருந்த மனுஷனுக்குப் போட்டது. அந்த மனுஷன் இல்ல. அதை மட்டும் பாத்துச் செய்யச் சொல்லுங்க. அதுவும் முடியாதுன்னா கட்டிடறேன். ஆனா ஒரே தடவையில முடியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா கட்டுறேன்."

துணிக்கடையில் இருந்தபோது வக்கீல்கள் எழுதிய மனுக்களை எத்தனையோ படித்திருக்கிறேன். இத்தனை சுத்தமாக ஒருவர் தன் வழக்கைப் பிரித்து வைத்து நான் கேட்டதில்லை.

அதிகாரியும் நேர்மையானவர்தான், அதையும் சொல்ல வேண்டும். இனிப்பாக எதுவும் பேசவில்லை. வரியைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, யாருக்குமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தண்டத்தைப் பற்றித் தலைநகர் போர்ட் லூயிக்கு எழுதலாம், பதில் வர மாதங்கள் ஆகும், முழுசாகத் தள்ளுவார்கள் என்று கனவு காண வேண்டாம், பெரும்பாலும் முடியாது என்றுதான் பதில் வரும் என்றார். இசியே வராமல் இருக்க வேண்டுமானால் இந்த வருடத்து வரியை இரண்டு வண்டிக்கும் இன்றைக்கே கட்டி நம்பர் வாங்க வேண்டும், பழைய பாக்கியிலும் ஒரு பங்கு கட்ட வேண்டும். இரண்டாவது வண்டிக்குப் பழைய வருடங்களின் வரியைச் சேர்ப்பார். ஆனால் தானாக வந்து சொன்னதால் அதற்குத் தண்டம் போட மாட்டார்.

மாமியார் முடிச்சை மறுபடி கட்டினார். ஃப்ளாக் கடைத்தெருவில் ஆசாரி கடைக்குப் போனோம். காசுமாலையைத் தராசில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆசாரி சொன்ன விலையை நான் பேரம் பேசி ஏற்றினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்தப் பணத்தைக் கட்டி நம்பர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. வாசலில் ஒரு கூட்டமே காத்திருந்தது. "எவ்வளவு கொறைச்சாங்க?" என்று கேட்டார்கள். கூடியிருக்கிறது என்று நான் சொன்னதும் ஒருவர் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சிரிப்பு வந்தது. குறைக்கப் போய்க் கூட்டிக்கொண்டு வந்த அம்மா என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, கூட்டித்தான் வந்தேன், வண்டிய ரெண்டையும் திருப்பிக் கூட்டி வந்தேனா இல்லையா?" என்று பதில் சொன்னார்.

நம்பரை வெள்ளைச் சாயத்தில் வண்டிப் பலகைகளில் நானே எழுதினேன். அந்த வெட்டுக் காலத்தில் பலான்ஸுக்குப் போகிற வழியில் போலீஸ் நின்றது. மேலிடத்திலிருந்து உத்தரவாம். கரும்புக் கட்டை நீட்டியபோதும் வாங்கிக்கொள்ளவில்லை. நம்பர் இல்லாத எத்தனையோ வண்டிகள் பாதி வழியில் திரும்பின. தரகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வீட்டுக்கு இசியேதான் வந்தார். எங்கள் வண்டிகள் இரண்டும் ஆடி அசைந்து போய் வந்தன. ஊர்க் கரும்பெல்லாம் எங்கள் வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. கூலியை இரட்டிப்பாக்கலாம் என்று நான் சொன்னேன். "கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்டயா மாப்பிள்ளை?" என்று கேட்டார். பழைய கூலிக்கே ஏற்றினோம். நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை, ஊரார் வந்து அவரிடம் கையெடுத்துக் கேட்பதைப் பார்க்கும்போது.

போர்ட் லூயியிலிருந்து பதில் வெட்டு முடிந்த பிறகு வந்தது. தண்டத்தில் ஒரு பகுதியைத் தள்ளியிருந்தார்கள். பாதிகூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த அதிகாரி சொன்னதைக் காதால் கேட்டும், மனசுக்குள் முழுசாகத் தள்ளிவிடுவார்கள் என்று நான் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் அந்தத் தொகையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஒரு ஜோடி சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடலாமே" என்றார். அவ்வளவுதான், அடுத்த நாளே போட்டுவிட்டார்.

பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் போய்க் கட்டினோம். புயலடித்துக் கரும்பு படுத்த வருடத்தில்கூட, கொஞ்சமாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்ல நான் கூடப் போக வேண்டும். நான் சொல்வேன், குமாஸ்தா எழுதுவார், மாமியார் ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்.

கடைசித் தவணை கட்டப் போன அன்று நல்ல மழை. அவரை அலுவலகத்து வாசலில் இறக்கிவிட்டு, மாடுகளை வாதாமரத்தடியில் கட்டப் போனேன். தரகர் இருந்த இடம் காலியாக இருந்தது. தலையைத் துடைத்துக்கொண்டு நான் வாசல்படி ஏறும்போது மாமியார் பணம் கட்டுகிற ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். பழைய அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார், தமிழ் குமாஸ்தா அன்று வரவில்லை. புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பணத்தை எண்ணி முடித்துவிட்டு, யார் பெயரில் எழுதட்டும் என்று கிரியோலில் கேட்டார். பதில் வராமல் போகவே, "பரவாயில்லை அம்மா, கட்டுகிறவர் நீங்கள்தானே? உங்கள் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்" என்று பேனாவை எடுத்தார்.

மாமியார் திரும்பி வாசலைப் பார்த்தார். நான் நிற்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு சாடை காட்டியிருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். காட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாமனார் பெயரைச் சொன்னார். கணீரென்று சொன்னார். மாமனாருடைய அப்பா பெயரையும் ஊர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "கடன் அவருது. கட்டினதும் அவருதான். அவர் பேர்லயே எழுதுங்க" என்றார். அதையும் கிரியோலில் சொன்னார், அந்த இளைஞருக்குப் புரியட்டும் என்று.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் மழைத் தண்ணீர் இருந்தது.

சாயங்காலம் மழை விட்டதும் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினார். நானும் கூடப் போனேன். இனிமேல் சாமியையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று கேட்டேன். திரியைத் தூண்டிவிட்டு, கண்ணை மூடி, "மலைமேல இருக்கிறவரே" என்றுதான் சொன்னார்.